ஸ்பெயின் போன பிறகு ஸ்பானியமான தீவு

2022 ஜனவரி 24 அதிகாலையில், புவேர்ட்டோ ரிக்கோ தீவின் சான் ஹுவான் பழைய நகரத்தின் சான் ஹோசே சதுக்கத்தில் நின்றிருந்த ஹுவான் போன்ஸே தே லியோனின் வெண்கலச் சிலையைச் சிலர் பீடத்திலிருந்து கவிழ்த்துவிட்டார்கள். ஸ்பெயின் மன்னர் ஆறாம் ஃபெலிப்பே அன்றைக்குத்தான் நகரத்துக்கு வரவிருந்தார். நகரம் நிறுவப்பட்ட 500ஆம் ஆண்டு விழாவுக்கான வருகை அது. நகராட்சி அலறியடித்துக்கொண்டு ஒரு நாளுக்குள் சிலையை மறுபடி நிறுத்தியது. போன்ஸே தே லியோன் புவேர்ட்டோ ரிக்கோவின் முதல் ஸ்பானிய ஆளுநர். தைனோ பழங்குடிகளை வாள்முனையில் பணியவைத்தவர். சிலையின் வெண்கலமோ, 1797இல் தீவைப் பிடிக்க வந்து தோற்றுத் திரும்பிய ஆங்கிலேயரிடம் கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி எடுத்தது. பொறுப்பேற்ற குழு வெளியிட்ட அறிக்கை, ஸ்பெயின் மன்னரும் வேண்டாம், நிலத்தை வளைத்துப்போடும் அமெரிக்கர்களும் வேண்டாம் என்றது. அந்த அறிக்கை எழுதப்பட்டிருந்தது ஸ்பானிய மொழியில்.

இந்த முரணை விளக்குவது எளிது என்று பலர் நினைக்கிறார்கள். 1508 முதல் 1898 வரை ஏறத்தாழ 390 ஆண்டுகள் ஸ்பெயின் ஆண்ட தீவு, அதனால் மொழியும் மதமும் ஊர் அமைப்பும் ஸ்பானியமாகவே நின்றுவிட்டன என்பார்கள். ஆனால் அதே 1898இல், அதே பாரிஸ் உடன்படிக்கையின்படி, ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறிய இன்னொரு நாடு பிலிப்பைன்ஸ். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஸ்பெயினின் கீழிருந்த அங்கே, இரண்டு மூன்று தலைமுறைகளில் ஸ்பானிய மொழி பொதுவாழ்விலிருந்து மறைந்தது. 1797இல் பிரிட்டனிடம் போன டிரினிடாட்டில் அது சில மலைக் கிராமங்களிலும் கிறிஸ்துமஸ் காலத்துப் பராங் பாட்டுகளிலும் மட்டும் ஒதுங்கியது. பிலிப்பைன்ஸில் ஸ்பானியம் மேல்தட்டின் மொழி, புவேர்ட்டோ ரிக்கோவில் எல்லோருக்கும் தாய்மொழி என்ற பெரிய வேறுபாடு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனாலும் ஆண்டகாலத்தின் நீளம் மட்டும் எதையும் காப்பாற்றிவிடாது. ஸ்பெயின் விட்டுப்போனதில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தூர எறிவது என்று 1898க்குப் பிறகு தீவு மக்கள் ஒரு வழக்கை நடத்தினார்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. இன்றைக்கு ‘ஸ்பானியப் பாரம்பரியம்’ என்று நாம் காண்பதில் பெரும்பகுதி அந்த வழக்கின் விளைவு.

முதலில், ஸ்பெயின் உண்மையில் என்ன கொடுத்தது என்று பார்த்துவிடலாம். கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில், 1493 நவம்பர் 19 அன்று இத்தீவைக் கண்டார். குடியேற்றம் தொடங்கியது 1508இல், கபார்ரா என்ற சதுப்புநில ஊரில். கொசுவும் காய்ச்சலும் தாங்காமல் 1521 வாக்கில் விரிகுடாவின் வாயில் இருந்த சிறு தீவுக்கு ஊர் மாறியது. அதுதான் இன்றைய பழைய சான் ஹுவான். ஆற்றுமணலில் தங்கம் அரிக்கத் தைனோக்களைக் கட்டாய உழைப்பில் தள்ளினார்கள். 1511இல் அவர்கள் கிளர்ந்தெழுந்து தோற்றார்கள். நோயும் உழைப்பும் சில பத்தாண்டுகளில் அவர்களைச் சிதைத்தன. தங்கமும் 1530களில் வற்றியது. மெக்ஸிகோவிலும் பெருவிலும் வெள்ளி மலைகள் திறந்த பிறகு இங்கிருந்த குடியேறிகளும் கப்பலேறத் துடித்தார்கள்.

அதற்குப் பிறகு ஸ்பெயினுக்கு இந்தத் தீவு தேவைப்பட்டது காவலுக்காக மட்டும்தான். அட்லாண்டிக்கிலிருந்து கரீபியனுக்குள் நுழையும் கப்பல் முதலில் எதிர்ப்படும் பெரிய துறைமுகங்களில் ஒன்று இது. எல் மோரோ கோட்டையின் வேலை 1539இல் தொடங்கியது. 1595இல் பிரான்சிஸ் டிரேக் தாக்கித் தோற்றார். 1598இல் கம்பர்லாண்டு பிரபு நகரைப் பிடித்தும் வைத்துக்கொள்ள முடியவில்லை, வயிற்றுக்கடுப்பு அவர் படையைத் துரத்தியது. 1625இல் டச்சுக்காரர்கள் நகரைக் கொளுத்தினார்கள். அதன்பின் மதிற்சுவர்கள் எழுந்தன. தரைப்பக்கத்துக்குக் காவலாக நின்ற சான் கிறிஸ்டோபல், அமெரிக்கக் கண்டங்களில் ஸ்பெயின் கட்டிய கோட்டைகளிலேயே மிகப் பெரியது. இத்தனைக்கும் பணம் தீவில் விளையவில்லை. ‘சித்துவாதோ’ என்ற பெயரில் மெக்ஸிகோவின் கருவூலத்திலிருந்து ஆண்டுதோறும் வெள்ளி வரவேண்டும். சில ஆண்டுகள் வராது, சில ஆண்டுகள் கடற்கொள்ளையில் போய்விடும். மெக்ஸிகோ விடுதலைக்குக் கிளர்ந்த 1810ஐ ஒட்டி அது அடியோடு நின்றது.

மதிலுக்கு வெளியே வேறு தீவு இருந்தது. அதிகாரபூர்வ வணிகம் சான் ஹுவான் வழியாக மட்டும் நடக்கவேண்டும் என்பது சட்டம். தெற்கிலும் மேற்கிலும் வாழ்ந்தவர்கள் டச்சு, ஆங்கிலேய, பிரெஞ்சுக் கள்ளக்கடத்தல்காரர்களிடம் தோலையும் இஞ்சியையும் விற்றுத் துணியும் இரும்பும் வாங்கிக்கொண்டார்கள். 1765இல் மன்னரின் ஆணையில் வந்து ஆய்வு செய்த அயர்லாந்துக்காரர் அலெஹாந்திரோ ஓ’ரைலி, தீவு முழுவதற்குமாக எண்ணியது 44,883 பேர். அவர்களில் அடிமைகள் 5,037. மலைகளில் சிதறிக்கிடந்த குடிகளைப் பார்த்து அவர் நொந்துகொண்டதும் பதிவாகியிருக்கிறது. பாதிரியாரையோ அதிகாரியையோ கண்ணில் காணாமல் வாழ்ந்த அந்த மலைக்குடியானவர்தான் ஹிபாரோ. பின்னாளில் தீவின் அடையாளச் சின்னமாக உயர்த்தப்பட்டவரும் அவரே. மானுவேல் அலோன்சோ அவரைப் பற்றி எழுதிய ‘எல் ஹிபாரோ’ 1849இல் பார்சிலோனாவில் அச்சானது. அச்சு இயந்திரமே இத்தீவுக்கு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது.

19ஆம் நூற்றாண்டில்தான் இது முழுமையான தோட்டக் காலனியானது. 1815இன் அரச ஆணை, ஸ்பெயினுக்கு விசுவாசமான கத்தோலிக்க வெளிநாட்டவருக்கு நிலம் தந்தது. அடிமைகளோடு வந்தவருக்குக் கூடுதல் நிலம். கோர்சிக்கரும் மயோர்க்கரும் யௌகோ, லாரெஸ் பக்கத்து மலைகளில் காப்பி போட்டார்கள். கடலோரச் சமவெளிகளில் கரும்பு. 1849இல் ஆளுநர் பெஸுவேலா ஒரு விதி கொண்டுவந்தார்: நிலமில்லாத ஒவ்வொரு கூலியாளும் ஒரு கையேட்டைச் சுமக்கவேண்டும், அதில் முதலாளி நடத்தையையும் கடனையும் எழுதுவார், ஏடு இல்லாமல் பிடிபட்டால் தண்டனை. ‘லிப்ரெத்தா’ எனப்பட்ட அந்த ஏட்டின் மீதான வெறுப்பும் 1868 செப்டம்பர் 23 அன்று லாரெஸில் வெடித்த எழுச்சிக்கு ஒரு காரணம். சில நாட்களில் அது அடக்கப்பட்டது. அடிமை முறை 1873 மார்ச் 22 அன்று ஒழிந்தது. இழப்பீடு கிடைத்தது முதலாளிகளுக்கு. விடுதலையானவர்களோ இன்னும் மூன்று ஆண்டுகள் கூலி ஒப்பந்தத்தில் கட்டாயமாக உழைக்கவேண்டியிருந்தது. 1887இல்கூடத் தன்னாட்சி கேட்டவர்களை ஆளுநர் பலாசியோவின் காவலர்கள் கட்டிவைத்துச் சித்திரவதை செய்தார்கள். தீவில் பல்கலைக்கழகம் ஒன்றை ஸ்பெயின் கடைசிவரை அனுமதிக்கவில்லை. அமெரிக்கர்கள் 1899இல் எடுத்த கணக்கெடுப்பில் மக்கள் தொகை 9,53,243. அவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் எழுத்தறியாதவர்கள். ஸ்பெயினின் ‘கொடை’ பற்றிப் பேசுகிற எவரும் முதலில் இந்த வரியைக் கடந்து வரவேண்டும்.

1897 நவம்பரில் ஸ்பெயின் ஒருவழியாகத் தன்னாட்சிப் பட்டயம் வழங்கியது. புதிய அரசு 1898 பிப்ரவரியில் பொறுப்பேற்றது. ஜூலை 25 அன்று அமெரிக்கப் படை குவானிகாவில் இறங்கிவிட்டது. இறங்கியவர்களை வரவேற்றவர்கள் பலர். காட்டாட்சி போய்ச் சட்டத்தின் ஆட்சி வரும், மாநில அந்தஸ்து வரும் என்று நம்பினார்கள். வந்தவை வேறு. புதிய ஆட்சி பெசோவை 60 சென்ட்டுக்கு மாற்றியது. காப்பிக்கு ஸ்பெயின், கியூபச் சந்தைகள் மூடின. 1899 ஆகஸ்டில் சான் சிரியாக்கோ புயல் 3,000க்கும் மேற்பட்டோரைக் கொன்று காப்பித் தோட்டங்களைப் பெயர்த்தெறிந்தது. தீவின் பெயரையே அலுவல் ஆவணங்களில் ‘போர்ட்டோ ரிக்கோ’ என்று எழுதினார்கள், 1932 வரைக்கும். 1901இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இத்தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனால் அமெரிக்காவின் பகுதி இல்லை என்ற வினோத நிலையை உறுதிசெய்தது.

பள்ளிக்கூடத்தில்தான் மோதல் கூர்மையானது. 1902இன் சட்டம் ஆங்கிலத்தையும் ஸ்பானியத்தையும் ஆட்சிமொழிகளாக வைத்தது. வாஷிங்டன் அனுப்பிய கல்வி ஆணையர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொள்கையை மாற்றினார்கள். ஃபால்க்னர் என்ற ஆணையர் 1905 முதல் தொடக்கப் பள்ளியிலேயே எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் என்றார். ஆங்கிலம் தெரியாத ஆசிரியர், ஆங்கிலம் கேட்டறியாத பிள்ளைக்கு ஆங்கிலத்தில் கணக்குச் சொல்லித்தரவேண்டும். கவிஞரும் கீழவைத் தலைவருமான ஹோசே தே தியேகோ ஸ்பானிய வழிக் கல்விக்கு மசோதா கொண்டுவந்தார். 1915இல் மாணவர்களும் அதற்காகத் தெருவுக்கு வந்தார்கள். 1934இல் பதீன் என்ற ஆணையர் தொடக்கப் பள்ளியில் ஸ்பானியத்தைத் திருப்பிக் கொடுத்தார். 1937இல் அடுத்த ஆணையரை நியமித்தபோது ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே மறுபடி ஆங்கிலத்தை வலியுறுத்திக் கடிதம் எழுதினார். மக்கள் தாமே தேர்ந்தெடுத்த முதல் ஆளுநர் முன்யோஸ் மாரின் பதவிக்கு வந்தபின், 1949இல், கல்வித் துறைத் தலைவர் வில்யாரோங்கா அரசுப் பள்ளிகளின் பயிற்றுமொழி ஸ்பானியம் என்று முடித்துவைத்தார். அரை நூற்றாண்டு ஆங்கிலத் திணிப்பு ஸ்பானியத்தைக் கரைக்கவில்லை. பேச்சுமொழியாக இருந்ததைக் கொள்கையாக மாற்றியது.

இந்த இடத்தில்தான் ‘ஸ்பானியப் பாரம்பரியம்’ என்ற கருத்து உண்மையில் பிறக்கிறது என்பது என் கணிப்பு. 1887இல் ஸ்பெயினின் காவலர்களிடம் அடிவாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் 1930களில் ஸ்பெயினைத் தாய்நாடு என்று எழுதத் தொடங்கினார்கள். அந்தோனியோ பெத்ரெய்ராவின் ‘இன்சுலாரிஸ்மோ’ 1934இல் வந்தது. தீவின் ஆன்மாவுக்கு ஸ்பானிய வேரைத் தேடிய அந்த நூல், ஆப்பிரிக்க வேரைத் தீவின் தடுமாற்றத்துக்குக் காரணமாகக் காட்டியது. இன்னும் வியப்பானவர் பெத்ரோ அல்பிசு காம்போஸ். கறுப்பினத் தாயின் மகன், ஹார்வர்டில் சட்டம் படித்தவர், அமெரிக்க எதிர்ப்பின் உச்சக் குரல். அவர் கத்தோலிக்க மதத்தையும் ஸ்பானிய மரபையும் தேசியத்தின் தூண்களாக நட்டார். அவருடைய சட்ட வாதமும் ஸ்பெயின் தந்த தாளின் மேல்தான் நின்றது: 1897இல் தன்னாட்சி பெற்ற தீவைக் கேட்காமல் 1898இல் விட்டுக்கொடுக்க ஸ்பெயினுக்கு உரிமை இல்லை, ஆகவே பாரிஸ் உடன்படிக்கையே செல்லாது. பழைய எஜமானின் ஆவணத்தைக் காட்டிப் புதிய எஜமானை வெளியேறச் சொன்ன வாதம் அது.

ஸ்பெயினிலிருந்தும் வேறொரு ஸ்பெயின் வந்துசேர்ந்தது. உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோவிடம் தோற்ற குடியரசின் எழுத்தாளர்களும் இசைஞர்களும் இங்கே அடைக்கலம் தேடினார்கள். கவிஞர் ஹுவான் ரமோன் ஹிமேனெஸுக்கு 1956இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் வாழ்ந்தது சான் ஹுவானில். செல்லோ மேதை பாவ் கசல்ஸ், தம் தாய் பிறந்த தீவு என்ற உரிமையோடு வந்து தங்கினார். 1957 முதல் அவர் பெயரில் இசைவிழா நடக்கிறது. கவிஞர் பெத்ரோ சலினாஸ் எல் மோரோவின் அடியில் கடலோரக் கல்லறையில் கிடக்கிறார். பேரரசின் ஸ்பெயினை வெறுத்தவர்களும் இந்த ஸ்பெயினை மனமார ஏற்க முடிந்தது.

1955இல் தொடங்கிய புவேர்ட்டோ ரிக்கோ பண்பாட்டு நிறுவனம், தொல்லியலாளர் ரிக்கார்தோ அலெக்ரியாவின் தலைமையில், இடிந்து சரியவிருந்த பழைய சான் ஹுவானை வீடு வீடாக மீட்டது. நீலம் பாய்ந்த இரும்புக் கசடுக் கற்கள் பாவிய தெருக்கள், மரப் பால்கனிகள், வெளிர்நிறச் சுவர்கள் என்று இன்று படம் எடுக்கப்படுவதெல்லாம் அந்த உழைப்பால் நிற்பவை. 1983இல் யுனெஸ்கோ கோட்டைகளையும் ஆளுநர் மாளிகையையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நிறுவனத்தின் முத்திரையில் மூவர்: நடுவில் ஸ்பானியர், இருபுறமும் தைனோவும் ஆப்பிரிக்கரும். மூன்று வேர்கள் சமமாக இணைந்தன என்ற இந்தப் படம் பள்ளிப் பாடமாகவும் ஆயிற்று. ஆனால் நடுவில் நிற்பவர் கையில் புத்தகம், அருகில் நிற்கும் ஆப்பிரிக்கர் கையில் வெட்டுக்கத்தி. யார் சிந்தித்தார், யார் உழைத்தார் என்பதை முத்திரையே சொல்லிவிடுகிறது.

இதை நேருக்கு நேர் உடைத்தவர் ஹோசே லூயிஸ் கொன்ஸாலெஸ். 1980இல் வெளியான ‘நான்கு மாடி நாடு’ என்ற கட்டுரையில் அவர் தீவை ஒரு கட்டடமாக வைத்து, அதன் தரைத்தளம் ஆப்பிரிக்கம் என்றார். தங்கம் வற்றியதும் வெள்ளையர் கப்பலேறப் பார்த்த காலத்தில், போக வழியில்லாமல் இங்கேயே பிறந்து இங்கேயே செத்து, இந்த மண்ணை முதலில் தன் நாடென்று கொண்டவர்கள் கறுப்பின மக்கள்தான். 19ஆம் நூற்றாண்டில் வந்த கோர்சிக்க, மயோர்க்கக் குடியேறிகள் மேல்மாடி கட்டியவர்கள். ஸ்பானிய மரபின் துதியோ நிலம் இழந்த மேல்தட்டின் ஏக்கம் என்பது அவர் வாதம். நான்காம் மாடி, 20ஆம் நூற்றாண்டின் அமெரிக்க முதலாளியமும் முன்யோஸ் மாரினின் வளர்ச்சித் திட்டமும். கொன்ஸாலெஸ் தைனோக்களை மிக விரைவாகக் கடந்துபோகிறார் என்பது என் குறை. பின்னர் நடந்த மரபணு ஆய்வில், தாய்வழியே மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரிய மரபு தீவினரில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்களிடம் பழங்குடி வழியினதாக இருப்பது தெரியவந்தது. தந்தைவழி பெரும்பாலும் ஐரோப்பியம். அந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையில் முதல் நூற்றாண்டின் வன்முறை முழுவதும் இருக்கிறது.

கொன்ஸாலெஸ் சொன்னதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர் ஜூலைக் கடைசியில் லோயிஸா ஊருக்குப் போகவேண்டும். அடிமைகளின் வழித்தோன்றல்கள் பெரும்பான்மையாக வாழும் அந்தக் கடலோர ஊரின் திருவிழா, மூர்களை வெட்டிச் சாய்த்தவராக ஸ்பெயின் கொண்டாடிய புனித சந்தியாகோவுக்கு உரியது. வேடமிட்டவர்களில் ‘கபயேரோ’ ஸ்பானிய வீரன்; ‘பெஹிகாந்தே’ தீய மூர். தேங்காய் மட்டையில் செதுக்கிய கொம்பு முகமூடியோடு ஆடிவரும் பெஹிகாந்தேதான் கூட்டத்தின் செல்லப்பிள்ளை. ஸ்பெயின் எழுதிய நாடகத்தில் தோற்கவேண்டியவனை நாயகனாக்கிவிட்டார்கள். சந்தியாகோவின் நாள் ஜூலை 25. அமெரிக்கப் படை இறங்கியதும் அதே நாளில். அந்த நினைவை மூடவென்றே முன்யோஸ் மாரின் 1952இல் அதே நாளில் தீவின் அரசியலமைப்பை அறிவித்தார். ஒரே தேதியில் ஒருவர் தேரைப் பார்ப்பார், ஒருவர் கொடியேற்றுவார், ஒருவர் கறுப்பு நாளென்று ஊர்வலம் போவார்.

யாரும் கொள்கை வகுக்காமல் மலையில் தானாகத் தழைத்ததும் உண்டு. பாதிரியார் எட்டாத வீடுகளில் மரத்தில் செதுக்கிய புனிதர் உருவங்களே கோயில். அவற்றில் அதிகம் காணப்படுபவர்கள் குழந்தை இயேசுவைக் காணவந்த மூன்று ராஜாக்கள். ஒட்டகம் பார்த்திராத சிற்பிகள் அவர்களைக் குதிரையில் ஏற்றினார்கள். கறுப்பு ராஜாவான மெல்சோரைப் பெரும்பாலும் நடுவில் வைத்தார்கள். ஜனவரி 5 இரவு பிள்ளைகள் பெட்டியில் புல் நிரப்பிக் கட்டிலுக்கு அடியில் வைப்பது அந்தக் குதிரைகளுக்காகத்தான். சாண்டா கிளாஸ் வந்த பிறகும் இந்த வழக்கம் போகவில்லை. பாட்டிலும் அப்படியே. ஸ்பெயினின் பொற்காலத்தில் உருவான ‘தெசிமா’ என்ற பத்தடிச் செய்யுளை, ஈற்றடியைக் கூட்டத்தில் ஒருவர் கொடுக்க, பாடகர் நின்ற நிலையில் கட்டிப் பாடுவார். எட்டசை அடிகள், எதுகை ஒழுங்கு தவறக்கூடாது. துணைக்கு ஐந்து இரட்டைத் தந்திகள் கொண்ட ‘குவாத்ரோ’. ஐபீரியாவின் பெரும்பகுதியில் அருகிப்போன ஒரு வடிவம் இங்கே மலையூர்களில் போட்டி வைத்துப் பாடப்படுகிறது.

மொழியின் வழக்கு 1991இல் மறுபடி திறந்தது. ஆளுநர் ஹெர்னாந்தெஸ் கோலோன் ஸ்பானியத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கினார். ஸ்பெயின் அந்த ஆண்டின் அஸ்தூரியாஸ் இளவரசர் இலக்கியப் பரிசைப் புவேர்ட்டோ ரிக்கோ மக்களுக்கே வழங்கியது. 1993 ஜனவரியில், மாநில அந்தஸ்து கோரும் கட்சியின் ரொசெல்யோ பதவிக்கு வந்த சில வாரங்களில், ஆங்கிலம் மறுபடி சேர்ந்துகொண்டது. தாளில் எது மாறினாலும், 1965இல் தீவின் உச்ச நீதிமன்றம் சொன்னது நிலைத்திருக்கிறது: இந்நாட்டு நீதிமன்றங்களின் மொழி ஸ்பானியம். சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்திலோ ஆங்கிலம் கட்டாயம். அங்கே ஜூரியாக அமர ஆங்கிலம் நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும். தீவினரில் பெரும்பான்மையோர் அந்தத் தேர்விலேயே விழுந்துவிடுவார்கள். ஆகவே அங்கே குற்றம் சாட்டப்பட்ட சாதாரணத் தொழிலாளியை விசாரிக்க அமர்வது, ஆங்கிலம் படித்த சிறுபான்மை.

கல்லும் பாட்டும் கண்ணுக்குத் தெரியும். சட்டம் தெரிவதில்லை, அதனாலேயே ஸ்பெயினின் ஆழமான தடம் அங்கே பதிந்திருக்கிறது. 1889இல் ஸ்பெயினின் குடிமைச் சட்டத் தொகுப்பு இத்தீவுக்கும் நீட்டிக்கப்பட்டது. அமெரிக்கர் குற்றவியலையும் நடைமுறைச் சட்டங்களையும் மாற்றினார்கள். குடும்பம், சொத்து, ஒப்பந்தம் ஆகியவற்றில் ஸ்பானியத் தொகுப்பு 1902, 1930 திருத்தங்களோடு நின்றது. நியூயார்க்கில் ஒருவர் தம் பிள்ளைக்கு ஒரு சல்லிக்காசு இல்லாமல் உயில் எழுதலாம். சான் ஹுவானில் முடியாது. 2020 வரை மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாகப் போகவேண்டியிருந்தது, இன்னொரு பங்கைப் பிள்ளைகளுக்குள் விரும்பியவருக்கு மட்டும் கூட்ட முடிந்தது, மீதிதான் உயில் எழுதுபவரின் இஷ்டமாக இருந்தது. 2020இல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பு இதைச் சற்றுத் தளர்த்தி, கட்டாய வாரிசுப் பங்கைச் சொத்தில் பாதியாகக் குறைத்தது, கணவனையோ மனைவியையோ அந்த வாரிசுகளில் சேர்த்தது. முறையை மட்டும் கைவிடவில்லை. தேவாலயத்தின் சட்ட ஆளுமைகூட இப்படித்தான். கத்தோலிக்கத் திருச்சபை தனியாகப் பதிவுசெய்துகொள்ள வேண்டியதில்லை, ஸ்பெயின் காலத்திலேயே அது சட்ட நபர் என்று 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர்களின் ஓய்வூதிய வழக்கில் அந்தக் கேள்வி ஒரு நூற்றாண்டு கழித்து மறுபடி எழுந்தது.

இன்று தெருவில் பேசப்படும் ஸ்பானியச் சட்டம் ஒன்று உண்டு. 1880ஆம் ஆண்டின் ஸ்பெயின் துறைமுகச் சட்டம் 1886இல் இத்தீவுக்கு வந்தது. அது ‘கடல்சார் நிலப்பகுதி’யை வரையறுத்தது: அலையேற்றமும் இறக்கமும் உணரப்படும் இடத்தில் அவை தொடும் எல்லைவரை, அவை உணரப்படாத இடத்தில், புயல்காலப் பேரலை எட்டும் எல்லைவரை. அந்தப் பகுதி பொதுச் சொத்து. யாரும் விற்கவோ வேலிபோடவோ முடியாது. இதன் வேர் கடற்கரை எல்லோருக்கும் பொது என்ற ரோமானியச் சட்டக் கருத்து. தீவின் 1968ஆம் ஆண்டுத் துறைமுகச் சட்டம் இந்த வரையறையை அப்படியே எடுத்துக்கொண்டது. புவேர்ட்டோ ரிக்கோவில் தனியார் கடற்கரை என்று ஒன்று சட்டப்படி கிடையாது.

நடைமுறை வேறு. சான் ஹெரோனிமோ என்ற சிறு ஸ்பானியக் கோட்டைக்குப் பக்கத்தில் எழுந்த அடுக்குமாடித் திட்டத்துக்கு எதிராக 2007இல் மக்கள் போராடினார்கள். கடலைத் தூர்த்து உருவாக்கிய அந்த நிலம் தனியாருடையதே என்று மறு ஆண்டு தீவின் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2012இல் வந்த வரிச்சலுகை, அமெரிக்கப் பெருநிலப்பரப்பிலிருந்து பணக்காரர்களைக் கடலோரத்துக்கு அழைத்துவந்தது. 2017இல் மரியா புயல் கரையை அரித்து வரைபடங்களைப் பொய்யாக்கியது. 2021 ஜூலையில், மேற்குக் கரையில் ரிங்கோன் என்ற ஊரில், புயலில் அழிந்த நீச்சல்குளத்தை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு மணல்மேலேயே திரும்பக் கட்டத் தொடங்கியபோது இளைஞர்கள் அங்கே கூடாரமடித்தார்கள். முட்டையிட வந்த அழுங்காமை ஒன்று கட்டுமானத்துக்குள் சிக்கியது ஊரைக் கொதிக்கவைத்தது. கடற்கரைகள் மக்களுடையவை என்பதே முழக்கம். அவர்கள் அரசிடம் கேட்டது புதிய சட்டம் அல்ல. 1886இல் வந்த எல்லைக்கோட்டை ஒழுங்காக அளந்து போடச் சொன்னார்கள். நீச்சல்குளக் கட்டுமானம் பின்னர் நின்றது. கடல்மட்டம் உயர உயர, அலை தொடும் எல்லை தனியார் பட்டாக்களுக்குள் நகர்கிறது. பட்டா வைத்திருப்பவர்கள் வரையறையைச் சுருக்கச் சொல்கிறார்கள். கரையில் நிற்பவர்கள் பழைய சொற்களில் ஒன்றையும் தொடக்கூடாது என்கிறார்கள். என் தீர்ப்பு கரையில் நிற்பவர்களின் பக்கம். மாட்ரிடில் துறைமுக அதிகாரிகளின் வசதிக்காக எழுதப்பட்ட அந்த வரையறை, கோட்டைகளைவிட இத்தீவுக்கு அதிகப் பயன்பட்டிருக்கிறது.